பார்க்க வருபவர் யார்?

ஹட்டன் பகுதி ஆசிரியர்கள் சிலர் தமக்குள்ளேயே ஒரு கற்பித்தல் செயலமர்வு நடத்த எண்ணியுள்ளனர். வெளியிலிருந்து வளவாளர் எவரும் வரப்போவதில்லை. ஒருவர் பத்து நிமிடம் பாடம் நடத்துவார். ஏனையோர் மாணவராய் அமர்ந்து கற்பர். பின்னர் எதைக் கற்றோம், எங்கே தடுமாறினோம் என்று அவருக்குச் சொல்வர். இம்முறையின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தருமாறு அவர்களுள் ஒருவரான நண்பர் கேட்டார். அவருக்காகத் திரட்டிய குறிப்புகளே இக்கட்டுரை.

இது மேலைநாட்டுப் புதுமை என்றே பலர் கருதுகின்றனர். இன்றைய வடிவம் அங்கிருந்து வந்தது உண்மைதான். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தல் முறை உருவாயிற்று. 1970களின் பிற்பகுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கல்லூரி ஆசிரியர்கள் பத்து நிமிடப் பாடம் நடத்தி ஒருவரிடமொருவர் கற்கும் செயலமர்வுகள் தொடங்கின.

ஆனால், நிகரானவரிடமிருந்து கற்கலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் அவர் இதை லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' உலகெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் சென்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பள்ளி இன்றும் அப்பெயரில் இயங்குகிறது.

பரவியதற்குக் காரணம் கல்வி மீதான காதல் மட்டுமன்று. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடலாம் என்ற சிக்கனக் கணக்கும் அதிலிருந்தது. இதை நண்பர்கள் மறத்தலாகாது.

அதே சிக்கனம் மலையகத்திலும் நிலவியது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. தோன்றியவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகள். ஒரே மண்டபம், அதற்குள் எல்லா வகுப்புகளும். மூத்த பிள்ளைகள் இளையவர்களைப் பார்த்துக்கொண்டனர். ஆனால் அந்த ஆசிரியருக்கு ஒரு சகபாடி இருக்கவில்லை. பக்கத்துப் பள்ளி அடுத்த மலையில்.

அவர் கற்பிப்பதைப் பார்க்க வந்தவர் இருவரே. ஒருவர் துரை, மற்றவர் வித்தியாதரிசி. ஒருவர் கையில் வேலை, மற்றவர் கையில் அரச நன்கொடை. ஆகவே, பிறர் பார்க்கக் கற்பிப்பது என்றால் பரிசோதனைக்கு உட்படுவது என்ற பொருளே அங்கு வேரூன்றியது.

1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960-61இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னரே அவை படிப்படியாக அரசின்கீழ் வந்தன. 1980களில் சுவீடனும், பின்னர் ஜெர்மனியும் உதவின. தோட்டத்து இளைஞர் பலர் ஆசிரியராயினர். ஜெர்மன் உதவியுடன் கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டாண்டு விடுதி வாழ்க்கை, மூன்றாம் ஆண்டு பள்ளியில் கட்டுறு பயிற்சி என்பது ஏற்பாடு. லயத்திலிருந்து வந்த பிள்ளை ஒருவர், தன்னைப் போன்ற இன்னொருவர் முன் நின்று பாடம் நடத்திப் பழகும் வாய்ப்பு அங்கே கிட்டியது. என் பார்வையில் மலையகக் கல்வி வரலாற்றின் பெரிய திருப்பங்களுள் அதுவும் ஒன்று.

ஆனால் பழைய அச்சம் கட்டடத்தோடு இடிந்துவிடுவதில்லை. பின்வரிசையில் ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்தால் பல ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரின் குரலும் இன்றும் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே நண்பருக்கு மூன்று யோசனைகளை எழுதினேன். முதலாவது, செயலமர்வில் எழுதப்படும் குறிப்பு எதுவும் அதிபருக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ போகலாகாது. பாடம் நடத்தியவரே அதைக் கையோடு கொண்டுபோகட்டும். இரண்டாவது, பணியில் மூத்தவர் முதலில் பாடம் நடத்தட்டும். இளையவரின் தயக்கம் தானே விலகும். மூன்றாவது, இதைக் காட்டி, "இனி உங்களுக்கு முறையான பயிற்சி எதற்கு?" என்று எவரேனும் கேட்டால் இணங்கவேண்டாம். சகபாடியிடம் கற்பது பயிற்சிக்குத் துணை. பயிற்சியின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. ஃபிரிஸ்கன் என்ற சிறுவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், எட்டு வயதுப் பிள்ளையிடம் வகுப்பைக் கொடுத்தது ஆசிரியர்கள் ஒத்துழைக்காத குறையால்தானே!