நேர்கொம்பு: ஆர்த்தோசெராஸ் என்ற பெயர்

சுவீடனின் ஊலாந்து தீவில் சிவப்பும் சாம்பலுமாகச் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. நிலவியலாளர்கள் அதை 'ஆர்த்தோசெராடைட் சுண்ணாம்புக்கல்' என்பார்கள். படிக்கட்டுக்கும் தரைக்கும் பலகையாக அறுத்துப் போட்டால், ஒரு முனை கூம்பிய நீண்ட ஓடுகள் அதில் பளிச்சென்று தெரியும். சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அழிந்த, நாட்டிலஸுக்கும் கணவாய்க்கும் உறவான உயிர்கள் விட்டுச்சென்றவை அவை.

கிரேக்கத்தில் 'ஆர்த்தோஸ்' நேர், 'கெராஸ்' கொம்பு. காண்டாமிருகத்தைக் குறிக்கும் ரைனோசெரஸிலும் நம் நகத்திலுள்ள கெராட்டினிலும் இருப்பது இதே கெராஸ்தான். ஆனால் இந்த ஓட்டில் கெராட்டின் துளியும் இல்லை. சங்கைப்போல இதுவும் சுண்ணாம்பு. சுருண்ட அம்மோனைட்டுகளை ஆட்டுக்கடாக் கொம்புடைய அம்மோன் தெய்வத்தின் கொம்பு என்று பிளினி காலத்திலேயே சொல்லிவந்தார்கள். சுருண்டது கொம்பானால், அதன் உறவான நேரானது நேர்கொம்பு. பெயர் பிறந்த வழி இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. டான்சிக் நகரத்து யோஹான் பிலிப் பிரைன், பல அறைகள் கொண்ட ஓடுகளைப் பற்றி 1732இல் லத்தீனில் எழுதிய நூலில் இப்பெயர் வருகிறது. 1789இல் புருகியேர் அதைப் பேரினப் பெயராக்கினார். 1844இல் மெக்காய், ஆர்த்தோசெராடிடே என்று குடும்பமே வகுத்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. வடிவத்தை மட்டும் சொல்லும் பெயர் என்பதால், நேராக இருந்த ஓடெல்லாம் அதற்குள் போய் விழுந்தது. உறவைச் சொல்வதோ உள்ளமைப்பு. ஓட்டை நீளவாக்கில் அறுத்தால் குறுக்கே வரிசையாகத் தடுப்புகள், அவற்றைத் துளைத்துச் செல்லும் ஒரு குழல். அறைகளிலிருந்த நீரை உறிஞ்சிக் காற்றை நிரப்பி உயிரை மிதக்கவைத்தது அந்தக் குழல்தான். ஆர்த்தோசெராஸில் அது மெலிந்து நடுவை ஒட்டி ஓடும். அதேபோல் நேரான ஓடுள்ள எண்டோசெராஸில் பருத்து ஓரமாகப் போகும். வெளித்தோற்றத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

சீனாவில் இத்தகைய ஓடுகள் பொதிந்த கல்லுக்குப் பகோடாக் கல் என்று பெயர். தடுப்புகள் அடுக்குக் கூரைகளாகத் தெரிவதால் வந்தது. உள்ளே பார்த்துச் சூட்டிய பெயர் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. அறிவியலில் அந்த உயிரும் முதலில் ஆர்த்தோசெராஸாகப் பதிவாகி, பிறகே சைனோசெராஸ் ஆனது.

இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த பின், உயிர் குடியிருந்த அறையில் மூன்று நெடுக்குப் பள்ளங்கள் உள்ள 'ஆர்த்தோசெராஸ் ரெகுலாரே' என்ற பால்டிக் பகுதி இனத்துக்கே இன்று அப்பெயர் உரியது. மொராக்கோவின் எர்ஃபூதிலிருந்து மெருகேற்றி வரும் கறுப்புச் சுண்ணாம்புக்கல் பலகைகளிலுள்ளவை கோடிக்கணக்கான ஆண்டுகள் பிந்தியவை. கடைச்சீட்டில் இன்னும் ஆர்த்தோசெராஸ்தான். 'ஆர்த்தோசெரிட்' என்று எழுதினாலே போதும்; அந்தப் பெரும்பிரிவில் இவையும் அடங்கும்.