நவ்ரோஸும் உழவர் குடியும்

ஈரானியர் இல்லங்களில் இளவேனிலே ஆண்டுப் பிறப்பு. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21 இல் நவ்ரோஸ் பிறக்கும். அதன் முன்னரே வீட்டைத் தூசு தட்டி, கம்பளங்களைக் கழுவி, தட்டிலே கோதுமையை முளைக்க வைப்பர். பதின்மூன்றாம் நாள் குடும்பத்தோடு வெளியே சென்று, அம்முளைப்பயிரை ஓடும் நீரில் விடுவர்.

ஆயினும், இந்நாள் என்றும் இளவேனிலில் நிலைத்து நின்றதன்று. பழைய பாரசீக ஆண்டு 365 நாட்களே கொண்டது. எஞ்சிய கால் நாள் கணக்கிற் சேராமையால், நவ்ரோஸ் நான்காண்டுக்கு ஒரு நாளாக முந்திக்கொண்டே வந்தது. நிலவரியோ நவ்ரோஸை ஒட்டியே தண்டப்பட்டது. அறுவடைக்குப் பின் வந்த நாள், காலப்போக்கில் கதிர் முற்றுமுன்பே வரலாயிற்று. பச்சைப் பயிரை வயலில் வைத்துக்கொண்டு உழவன் வரிக்கு எங்கே போவான்? கடன்படுவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை.

895 ஆம் ஆண்டில் அப்பாசியக் கலீபா அல் முஃததித் வரி நாளை யூன் 11 இற்குத் தள்ளிவைத்தார். 1079 இல் செல்ஜூக்கிய மன்னர் மலிக்ஷா, உமர் கய்யாம் முதலிய வானநூலாரைக் கொண்டு ஆண்டுப் பிறப்பை இளவேனிற் சமநாளில் நிலைநிறுத்தினார். அவ்வழி வந்த ஞாயிற்றாண்டையே 1925 இல் ஈரானிய நாடாளுமன்றமும் சட்டமாக்கியது.

கணக்கில் விடுபட்ட கால் நாள், ஏழை உழவனின் களஞ்சியத்திற் குறையாக வந்து நின்றதை வரலாறு காட்டுகின்றது.