லித்தியம் கோபால்ட் ஆக்சைடு – ஒரு கறுப்புப் பொடியின் கதை

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு தீராத தொல்லை இருந்தது. வெள்ளித் தாது போலவே ஒரு கல் கிடைக்கும். உலையில் போட்டால் வெள்ளி வராது. ஆர்சனிக் கலந்த நச்சுப் புகைதான் வரும். இது சுரங்கத்தில் குடியிருக்கும் 'கோபோல்ட்' என்ற குட்டிச்சாத்தானின் வேலை என்று நம்பினார்கள். 1730களில் சுவீடன் வேதியியலாளர் ஜார்ஜ் பிராண்ட், அந்தக் கல்லில் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டறிந்தார். சாத்தானின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதுதான் கோபால்ட்!

இன்று அதே கோபால்ட், லித்தியத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஒரு கறுப்புப் பொடியாக செல்போன் பேட்டரிகளுக்குள் இருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது?

தீப்பிடித்த பேட்டரிகள்

1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஒரு புதுவகை பேட்டரியை உருவாக்கினார். ஒரு பக்கம் டைட்டானியம் டைசல்பைடு, மறுபக்கம் லித்தியம் உலோகம். இரண்டு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் கிடைத்தது. ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால், லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிடும். பிறகென்ன, தீதான்!

ஆக்ஸ்போர்டு, 1980

1976ல் ஆக்ஸ்போர்டுக்கு வந்த ஜான் குட்இனஃப், சல்பைடுக்குப் பதில் ஆக்சைடைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் கூடும் என்று கணித்தார். ஜப்பானிலிருந்து வந்திருந்த கொய்ச்சி மிசுஷிமாவும் மற்றவர்களும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். 1980ல் முடிவு வெளியானது. கிடைத்தது சுமார் 4 வோல்ட்!

இதன் அமைப்பு எளிமையானது. கோபால்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்து தாள் தாளாக அடுக்கியிருக்கும். புத்தகத்துக்குள் மயிலிறகு வைப்பது போல, தாள்களுக்கு நடுவே லித்தியம் இருக்கும். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் வெளியேறி மறுமுனைக்குப் போகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒரு லித்தியம் வெளியேறினால், ஒரு கோபால்ட் அயனியின் மின்சுமை +3லிருந்து +4 ஆகிறது.

எல்லா லித்தியத்தையும் எடுத்துவிட முடியாது. சுமார் பாதிக்கு மேல் எடுத்தால் அடுக்குகள் நிலைகுலையும். கணக்குப்படி ஒரு கிராமுக்கு 274 மில்லி ஆம்பியர் மணி கிடைக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் ஆரம்ப காலத்தில் கிடைத்தது 140 அளவில்தான்.

இதில் இன்னொரு பெரிய நன்மை ஒளிந்திருந்தது. லித்தியம் ஏற்கெனவே ஆக்சைடுக்குள் இருப்பதால், மறுபக்கம் ஆபத்தான லித்தியம் உலோகமே தேவையில்லை. இதைப் பயன்படுத்திக்கொண்டவர் ஜப்பானின் அகிரா யோஷினோ. 1985ல் அவர் மறுமுனையில் பெட்ரோலியம் கோக் என்ற கார்பனை வைத்தார். 1991ல் சோனி நிறுவனம் இவ்வகை பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

லாபம் யாருக்கு?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இதற்குக் காப்புரிமை எடுக்க முன்வரவில்லை. ஹார்வெல்லில் இருந்த பிரிட்டிஷ் அணுசக்தி ஆய்வு நிறுவனம் அதை எடுத்தது. குட்இனஃப் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். கோடிக்கணக்கில் பேட்டரிகள் விற்றும் அவருக்கு ராயல்டி வரவில்லை. 2019ல் விட்டிங்ஹாம், யோஷினோ ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 2023ல் தமது நூறாவது வயதில் காலமானார்.

சாத்தான் இன்னும் போகவில்லை

சார்ஜ் ஏறிய நிலையில் அளவுக்கு மீறிச் சூடானால், இந்த ஆக்சைடு ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீயை வளர்க்கும். 2006ல் லட்சக்கணக்கான மடிக்கணினி பேட்டரிகள் தீ அபாயத்தால் திரும்பப் பெறப்பட்டன. மின்சார கார்களில் கோபால்ட் குறைந்த அல்லது கோபால்ட்டே இல்லாத பொருள்கள்தான் பயன்படுகின்றன. ஆனால் சின்ன இடத்தில் அதிக ஆற்றல் வேண்டிய செல்போனில் இன்றும் இதுவே பெரிதும் பயன்படுகிறது.

உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் வேலை செய்வதை அம்னஸ்டி அமைப்பு 2016ல் வெளிப்படுத்தியது. அன்று சாக்சனித் தொழிலாளிகள் பழியைக் குட்டிச்சாத்தான் மேல் போட்டார்கள். இன்று அப்படிப் போட முடியாது.

பழைய பேட்டரியிலிருந்து கோபால்ட்டைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். அலமாரியில் தூங்கும் பழைய செல்போனை மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்தால், அந்த அளவுக்காவது புதிதாகத் தோண்ட வேண்டியது குறையும்.