மாஷ் டன்

மாஷ் டன் என்பது பீர் காய்ச்சுவோர், முளைகட்டி உலர்த்திய தானியத்தை (மால்ட்) நொறுக்கி வெந்நீரில் ஊறவைக்கும் பாண்டம். முளையிலுள்ள நொதிகள் தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது இதனுள்தான். அதற்கு 62 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். சூடு மிகுந்தால் நொதிகள் அழியும்; குறைந்தால் வேலை மந்தப்படும். அதனால் எந்தக் காலத்திலும் பாண்டத்தின் தேர்வைச் சூடுதான் தீர்மானித்திருக்கிறது.

தொன்மை

எகிப்தின் அபிடோஸில் கி.மு. 3000 அளவைச் சேர்ந்த பெரிய பீர் ஆலை ஒன்று கண்டறியப்பட்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. அதன் எட்டுப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் சுமார் 40 மண்தாழிகள் இரு வரிசைகளாக நின்றன. தானியமும் நீரும் சேர்ந்த கலவை அவற்றில் சூடேற்றப்பட்டது. ஒரே தடவையில் சுமார் 22,400 லிட்டர் பீர் ஆக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு.

தமிழகம்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. குழைய வெந்த கூழை பிழா என்னும் வாய் அகன்ற பாண்டத்தில் ஆற்றுகிறார்கள். இடித்த நெல்முளையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் வலிய வாயுடைய சாடியில் முதிரவிடுகிறார்கள். கொதிக்கும் கூழில் முளையைச் சேர்த்தால் நொதிகள் கெட்டுவிடும்; விரைவில் ஆற அகன்ற வாய் உதவும். ஆற்றவும் கலக்கவும் ஒன்று, முதிர ஒன்று எனப் பாண்டத்தைப் பிரித்த அந்தத் தேர்ச்சி வியப்புக்குரியது.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ளது செங்கம். அதை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளையும் தசும்பு என்னும் குடத்திலிருந்து வார்த்த தேறலையும் குறிப்பிடுகிறது.

ஐரோப்பா

இங்கிலாந்தில் ஓக் பலகைத் தொட்டிகள் நெடுங்காலம் புழங்கின. மரம் சூட்டை எளிதில் வெளியே விடாது. லண்டன் பீர் உற்பத்தியாளர் மைக்கேல் கோம்ப்ரூன் 1762இல் வெளியிட்ட நூல், ஊறலின் சூட்டை வெப்பமானியால் அளக்கும் முறையை விளக்கியது. ஜெர்மானியர் கலவையில் ஒரு பங்கை வேறொரு கொப்பரையில் கொதிக்கவைத்து மீண்டும் ஊற்றிச் சூடேற்றினர். அதற்கு இரு பாண்டங்கள் வேண்டியிருந்தன. பின்னாளில் வார்ப்பிரும்பும் செம்பும், இறுதியில் எவர்சில்வரும் வந்தன.

வீட்டுப் பாண்டம்

வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியைப் பிரிட்டன் 1963இல் நீக்கியது. அமெரிக்கக் கூட்டரசு 1978இல் சட்டம் இயற்றி வழிவிட்டது. சிங்கப்பூர் 2004 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு வரம்புடன் அனுமதிக்கிறது. பெரிய ஆலையின் தொட்டிக்கு ஈடாக வீட்டுக்காரர்கள் கண்டது, சுற்றுலாவுக்கு எடுத்துச்செல்லும் ஐஸ் பெட்டி. குளிரைக் காக்கும் அதன் சுவர் சூட்டையும் காக்கும். அடியில் சல்லடையும் குழாயும் பொருத்தினால் சாறு தெளிவாக வடியும். ஆஸ்திரேலியர் பரப்பிய முறையில் தானியத்தைத் துணிப்பையில் கட்டி ஒரே அண்டாவில் ஊறவைத்துக் காய்ச்சுகிறார்கள்.

20 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 5 கிலோ மால்ட்டும், ஊறவைக்க 15 லிட்டர் வெந்நீரும் தேவை. ஆகவே 25 லிட்டருக்குக் குறையாத பாண்டம் வேண்டும். எவர்சில்வர் அண்டா கழுவ எளிது, அடுப்பிலும் ஏறும். ஆனால் விரைவில் ஆறிவிடுவதால் கம்பளி சுற்ற வேண்டும். பிளாஸ்டிக்கானால் உணவுத் தரமும் 70 டிகிரிக்கு மேல் தாங்கும் தன்மையும் தேவை. ஊறல் சற்றுப் புளிப்புத்தன்மை உடையது என்பதால் துத்தநாகம் பூசிய வாளியும் ஈயம் பூசாத பித்தளையும் ஏற்றவையல்ல. மண்பானையின் நுண்துளைகளில் எச்சம் தங்கிவிடும்.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். வீட்டில் காய்ச்சும் பீருக்கும் இது பொருந்தும்.