புல்லும் புளிப்பும்

மாங்காயை உப்பிலிட்டு ஆண்டு முழுவதும் வைத்து உண்பது நமக்குப் பழகிய செயல். பசும்புல்லையும் அவ்வாறே பதனிட்டு வைக்கலாம். நறுக்கிய புல்லைக் குழியிலிட்டு, இறுக மிதித்து, காற்றுப் புகாமல் மூடிவிட்டால், அது புளித்துப் பல திங்கள் கெடாதிருக்கும். இதனை ஊறுகாய்ப் புல் என்றும், சைலேஜ் என்றும் வழங்குவர். பிரான்சு நாட்டு ஒகஸ்ட் கோஃபார் 1877-ஆம் ஆண்டில் இதுபற்றி நூலொன்று எழுதினார். அதன் பின்னர் இம்முறை மேலைநாடுகளில் விரைந்து பரவிற்று.

ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. குழியைத் திறக்கும் வரையில், உள்ளே இருப்பது உணவா குப்பையா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டால் நல்ல புளிப்பு ஏறும். அவை பிந்தினாலோ வேறொரு கூட்டம் பெருகிப் பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும். வெண்ணெயின் பெயரால் அழைக்கப்படும் இவ்வமிலம், கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றமுடையது. அந்நாற்றம் தொழுவத்தையும் பாலையும் பற்றும். அந்நுண்ணுயிர்களின் வித்துகள் பாலில் கலந்தால் பாலாடைக்கட்டி உப்பி வெடிக்கும்.

பின்லாந்துக்கு இது வாழ்வுப் பிரச்சினை. 1917-இல் விடுதலை பெற்ற அச்சிறு நாடு, வெண்ணெயை அயல்நாடுகளுக்கு விற்றுப் பொருள் ஈட்டியது. அங்கோ ஆண்டில் பாதிக்கு மேல் மாடுகள் தொழுவத்திலேயே அடைந்து கிடக்கும். குளிர்காலத் தீவனம் கெட்டால், பாலும் கெடும், வெண்ணெயும் கெடும், உழவனின் வருவாயும் கெடும்.

வாலியோ என்னும் பால் கூட்டுறவு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை நடத்திவந்த அர்த்துரி இல்மாரி வீர்த்தனன் இதனை ஆராய்ந்தார். நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல உண்டாக்கும் புளிப்பை, நாமே முதல் நாளில் ஏற்றிவிட்டால் என்ன என்பது அவர் எண்ணம். 1920-களின் இறுதியில், நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் புல்லின்மீது தெளித்துக் குழியை மூடினார். பி.எச். அளவு 4-க்குக் கீழே இறங்கியதும் கேடு செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கின. புரதமும் சிதையாமல் நின்றது. சர்க்கரை குறைந்தமையால் எளிதிற் புளிக்காத குளோவர் போன்ற பயறினப் பயிர்களும் நன்கு பதப்பட்டன. அவர் பெயரின் முதலெழுத்துகளால் இது ஏ.ஐ.வி. முறை எனப்பட்டது. 1945-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, தீவனம் பதனிடும் இம்முறை சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது.

மருந்துக்கும் ஒரு விலை உண்டு. அவ்வமிலங்கள் உழவர் கையைச் சுட்டன; இரும்பை அரித்தன. பின்னாளில், எறும்பின் கடியில் உள்ள ஃபார்மிக் அமிலம் அவற்றின் இடத்தைப் பெற்றது.

அத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புளிப்புக்கு எளிதில் அஞ்சுவதன்று. அது சர்க்கரையைச் சாராயமாக்கும். சாராயம் அமிலங்களோடு கூடி, எளிதில் ஆவியாகும் எஸ்டர்களாகும். குழி திறந்ததும் இவை காற்றில் கலக்கும். கலிபோர்னியாவில் மாட்டுப்பண்ணைகள் நிறைந்த சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், இத்தகைய ஆவிகள் வெயிலில் ஓசோன் மாசு பெருகத் துணைபுரிவதை இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டின. இன்று ஈஸ்டை அடக்க, பழப்பாகு கெடாதிருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் சார்பேட்டு, சோடியம் பென்சோயேட்டு ஆகியவற்றைத் தீவனத்திலும் சேர்க்கின்றனர். வேறு சிலர் அசெட்டிக் அமிலம் தரும் நுண்ணுயிரைத் தூவுகின்றனர். ஆனால் அசெட்டிக் அமிலமும் ஆவியாகும் பொருளே. ஆகவே அளவறிந்து கையாளுதல் வேண்டும்.

குழியினின்று எழும் நாற்றத்தை உழவன் நெடுங்காலம் விதியென்று பொறுத்திருந்தான். அந்நாற்றமாய்ப் பறந்தது அவன் அறுத்துச் சேர்த்த புல்லின் சத்தே ஆகும். காற்றில் போவது தன் விளைச்சல் என்று அவனுக்கு உணர்த்தியதே இவ்வாராய்ச்சியின் பெரும்பயன்.