கங்காணி கொடுத்த முன்பணம்

போன மாதம் சித்தப்பா மகன் கத்தாருக்கு வேலைக்குக் கிளம்பினான். புனேயிலிருந்து போன் செய்து விசாரித்தால், சித்தப்பா அலுத்துக்கொண்டார். "எல்லாம் பணத்தாசைப்பா. அந்தக் காலத்துல தாத்தா கண்டிச்சீமை போனாரே, அது பஞ்சத்துக்குப் போனது. இது வேற கதை."

வேற கதையா?

பஞ்சம் உண்மைதான். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. ஆனால் அதற்கு முன்பே, 1860 நவம்பரில், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்துவிட்டது. பஞ்சம் தீர்ந்தபிறகும் திருச்சி, தஞ்சை, சேலம் பக்கத்து ஆட்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பசியோடு கடனும் துரத்தியது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன், நிலமில்லாத பண்ணையாளை மிராசுதாரிடம் கட்டிப்போட்டிருந்தது. கூலி நெல்லாகக் கிடைக்கும். கடனை அடைக்கக் காசுக்கு எங்கே போவது? அப்போதுதான் கங்காணி வருவார். வெள்ளைக்காரர் அல்ல. பக்கத்து ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரரே. தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு நல்ல வேட்டியோடு திரும்பியவர். அவர் வார்த்தையை எப்படி நம்பாமல் இருப்பது? முன்பணம் தருவார். ஊர்க்கடன் அடையும், வழிச்செலவும் கழியும். இனிமேல் கடன் கங்காணியிடம்!

இலங்கையில் இந்தக் கடனுக்குத் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கூலியாள் தோட்டம் மாறவேண்டுமானால், புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி எடுக்கவேண்டும். 1921-ல்தான் இதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இன்னொரு விஷயம். வயலுக்கு ஆள் கிடைக்கவில்லையே என்று தஞ்சை மிராசுதார்கள் குறைபட்டுக்கொண்டார்கள். போகிறவனுக்குப் பேராசை என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பித்திருக்கும் என்பது என் ஊகம். ஆண்டையின் களத்தில் இனி நிற்கவேண்டாம் என்பதற்காகவே கிளம்பியவர்களும் இருந்திருப்பார்கள். (சாதியும் கூடவே கப்பலேறியது என்பது பெரிய கதை. இன்னொரு நாள்.)

கத்தாருக்குப் போன தம்பியைக் கூப்பிட்டது, அங்கே மூன்று வருஷமாக இருக்கும் அவனுடைய பள்ளித் தோழன். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் பாதி நான் கொடுத்தது. மாதாமாதம் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கணக்கை எழுதி வைத்த டைரியைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது :-(

தாத்தா எவ்வளவு கடனோடு போனார் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர் கொண்டுவந்த தகரப்பெட்டி மட்டும் பரணில் கிடக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இறக்கிப் பார்க்கவேண்டும்.