தோல் வணிகர்களின் ஈகையும் ஏழையின் தொழிற்கருவியும்

பாலாற்றுப் படுகையின் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களுக்குத் தோல் வணிகம் செல்வத்தை வழங்கியது. அச்செல்வத்தின் ஒரு பங்கை நம் முன்னோர் சமுதாயத்திற்கே திருப்பித் தந்தனர். வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு இஸ்லாமியா கல்லூரி தோன்றியது. ஆம்பூர்த் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம், பயணியர் தங்குவதற்காகச் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு எதிரே சித்தீக் சராயை எழுப்பினார். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1965இல் மேல்விஷாரத்தில் தொடங்கப்பட்டது.

இவையெல்லாம் தலைமுறைகளைத் தாண்டிப் பயன் தரும் நிலையான தர்மங்கள். ஜகாத்தின் இலக்கணமோ வேறு. அதைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் (9:60) வரையறுக்கிறது. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி, ஜகாத் பொருள் ஏழையின் முழு உடைமையாக வேண்டும். அதைக் கொண்டு கட்டடம் எழுப்புதல் கூடாது.

அவ்வாறாயின் ஏழையின் கையில் எதைக் கொடுப்பது? தம்மிடம் உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹமுக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹமில் வீட்டுக்கு உணவு, மற்றொன்றில் கோடரி. தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறு அவரை அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்துத் திர்ஹம் ஈட்டினார் என்கிறது அபூதாவூத் தொகுப்பில் உள்ள அறிவிப்பு. கைத்தொழிலாளிக்குக் கருவி வாங்கும் அளவும், வணிகருக்கு முதல் போடும் அளவும் ஜகாத்திலிருந்து வழங்கலாம் என ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவீ (மறைவு 1277) விளக்கினார். தொழிலுக்கு இன்றியமையாத கருவியை ஹனஃபி அறிஞர்களும் நிஸாப் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பிழைப்புக்கென ஒரு கணினி வைத்திருப்பதாலேயே ஓர் ஏழை ஜகாத் பெறும் தகுதியை இழப்பதில்லை.

வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் வழங்கிய தீர்ப்பு, ஒரே தொழிலை நம்பி வாழ்வதன் இடரை நமக்கு உணர்த்தியது. இன்று கைபேசி வழியே காலணியும் ஆடையும் விற்க முனையும் சகோதரிக்கும், வரைகலை கற்ற இளைஞருக்கும் கோடரியாக அமைவது ஒரு மடிக்கணினியோ தையல் இயந்திரமோதான்.

நம் மஹல்லா பைத்துல்மால்கள் கணக்கைப் பிரித்து வைத்தல் நலம். தகுதியுடைய ஏழைக்கு ஜகாத்திலிருந்து கருவியை உடைமையாகவே வழங்குவோம். அதைக் கடனாக எழுதி வைக்க வேண்டாம். பயிற்சிக்கூட வாடகைக்கும் வட்டியில்லா அழகிய கடனுக்கும் ஸதகா நிதி இருக்கட்டும். ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம். பெறுபவரைப் படமெடுத்துப் பரப்பாமல் அவர் மானம் காப்போம்.

ரமளான்தோறும் சில்லறை நோட்டுக்காக அதே முகங்கள் நம் வாசலில் வரிசையில் நிற்பது நமக்குப் பெருமையன்று. இன்று வாங்கும் கை நாளை ஜகாத் கொடுக்கும் கையாக மாற அல்லாஹ் அருள்புரிவானாக.